சில்லறை இருக்கிறதா?

மும்பையின் புறநகர் ரயில் நிலையம் ஒன்றில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தாவாக நாம் உத்தியோகம் பார்த்து வருகிறோம். பொழுது விடிந்து பொழுது போனால் எம் வாயிலிருந்து மிகுதியாக வெளிப்படுவது ஆண்டவன் திருநாமமன்று, “சுட்டா ஹை க்யா?” என்னும் இந்தி வாசகமும், “சுட்டே பைசே ஆஹேத் கா?” என்னும் மராட்டி வாசகமுமே. எதிரில் நிற்பவர் நம்மவர் என்று முகஜாடையால் தெரிந்துவிட்டால், “சில்லறை இருக்கிறதா, அண்ணாச்சி?” என்று தமிழிலும் கேட்பதுண்டு. இரண்டாம் வகுப்பில் மிகக் குறைந்த கட்டணம் ஐந்து ரூபாய். அந்த ஐந்து ரூபாய்க்கு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டும் பிரயாணிகளை நாம் நொந்துகொள்வதில்லை. மாதப் பிறப்பில் சம்பளம் வாங்கியவனிடம் வேறென்ன இருக்கும்?

எம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஜன்னலைத் திறக்குமுன் எம் சட்டைப்பையில் சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்து கணக்குப் பார்க்கும்போது தொகை குறைந்தால் அதை நாமே இட்டு நிரப்ப வேண்டும். கூடுதலாக இருந்தால் அதையும் சர்க்கார் கணக்கில் கட்டிவிட வேண்டும். காசுக்கும் நேர்மைக்கும் நம் தமிழில் ‘நாணயம்’ என்ற ஒரே சொல் வழங்குவதன் பொருத்தத்தை, இந்தப் பதிவேட்டில் கையெழுத்திடும் ஒவ்வொரு நாளும் நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

நாள்தோறும் நம் கையில் புரளும் இந்த ரூபாய் எங்கிருந்து வந்தது? ‘ரூப்யம்’ என்பது வெள்ளியைக் குறிக்கும் வடசொல். 1540 முதல் 1545 வரை டில்லியில் ஆண்ட ஷேர்ஷா சூரி, ஏறத்தாழ 178 கிரெயின் எடையுள்ள வெள்ளி நாணயம் ஒன்றை அடித்து அதற்கு ரூபாய் என்று பெயரிட்டார். பின்னர் வந்த மொகலாயர்கள் அதை ஏற்று நடத்தினார்கள். தெற்கே நம்மவர்க்கு அக்காலத்தில் ரூபாய் பழக்கமில்லை. வராகன், பணம், காசு என்பனவே நம் கணக்கு. சென்னை ராஜதானியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று எண்ணினார்கள். 1818-இல்தான் அங்கே ரூபாய் தலைமை நாணயமாயிற்று. மூன்றரை ரூபாய்க்கு ஒரு வராகன் என்று மதிப்பு வைத்தார்கள். வராகன் மறைந்தது, பணமும் காசும் மறையவில்லை. நாணயமாக இல்லாமற் போயினும், செல்வம் முழுவதற்கும் பெயராக அவை நம் நாவில் தங்கிவிட்டன. ‘துட்டு’ என்பதோ டச்சுக்காரர் விட்டுச்சென்ற சொல்.

1835-இல் கும்பெனியார் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகள் எங்கும் ஒரே விதமான ரூபாய் செல்லும்படி சட்டம் செய்தனர். எடை 180 கிரெயின். பன்னிரண்டு பங்கில் பதினோரு பங்கு வெள்ளி. இந்த எடையே ஒரு தோலா. ஆதலால் ரூபாய் நம் வீடுகளில் படிக்கல்லாகவும் பயன்பட்டது. மூன்று ரூபாய் எடை ஒரு பலம், எட்டுப் பலம் ஒரு சேர் என்பது சென்னைக் கணக்கு. நாட்டு மருந்துக் கடையில் ‘ஒரு ரூபாய் எடை திப்பிலி’ என்று கேட்ட தலைமுறை நமக்கு மிகத் தொலைவிலில்லை.

அந்த வெள்ளி படிப்படியாகக் கரைந்தது. முதல் உலகப் போரின்போது வெள்ளி கிடைப்பது அரிதாகவே, 1917 நவம்பர் 30 அன்று முதன்முதலாக ஒரு ரூபாய் நோட்டு வெளியிடப்பட்டது. 1940-இல் ரூபாய் நாணயத்தில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் வெள்ளி அறவே போய் நிக்கல் வந்தது. இன்று கையில் இருப்பது எவர்சில்வர். ஒரு ரூபாய் நோட்டைக் காண நேர்ந்தால் அன்பர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி கவர்னர் ‘இத்தனை ரூபாய் தருவேன்’ என்று வாக்களித்துக் கையொப்பமிட்டிருப்பார். ஒரு ரூபாய் நோட்டில் அந்த வாக்குறுதி இல்லை. அதை வெளியிடுவது இந்திய சர்க்கார். ஒப்பமிடுபவர் நிதித்துறைச் செயலாளர்.

எங்கள் ஆச்சி 1950-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவள். எழுதப் படிக்கத் தெரியாது, மராட்டியும் தெரியாது. ஆனால் பதினாறு அணா ஒரு ரூபாய், நான்கு காலணா ஓரணா, மூன்று தம்பிடி ஒரு காலணா என்ற கணக்கு அவள் விரல் கணுக்களில் இருந்தது. இந்தக் கணக்கு இங்குள்ள காய்கறிக்காரிக்கும் பொதுவாயிருந்தது. ஆச்சி ‘நாலணா’ என்பாள். அவள் ‘சார் ஆணே’ என்பாள். ‘பன்னிரண்டணா’ என்றால் ‘பாரா ஆணே’. இவ்வளவு மொழியை வைத்துக்கொண்டு இருவரும் அரைமணி நேரம் பேரம் பேசுவார்கள் என்று எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்ற கணக்கு நடைமுறைக்கு வந்தது. படித்தவர்களுக்கு அது பெரும் வசதி. ஆச்சிக்கோ அது பேரிடி. ஓரணா என்பது கணக்குப்படி ஆறேகால் நயா பைசா. கால் பைசா நாணயம் ஏது? ஆகவே ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று சர்க்கார் அட்டவணை போட்டது. மூன்று முறை ஓரணா மாற்றினால் 18. மூன்றணாவைச் சேர்த்து மாற்றினால் 19. “அந்த ஒரு பைசா எங்கலே போச்சு?” என்று ஆச்சி கடைசிக் காலம் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். விடை சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் இயலவில்லை. காய்கறிக்காரி ஓரணாச் சாமானுக்கு ஏழு பைசா கேட்டதும், அதனால் இருவரும் ஒரு வாரம் பேசாதிருந்ததும் எங்கள் குடும்பச் சரித்திரம். 1964 ஜூன் முதல் ‘நயா’ என்ற அடைமொழியும் நீங்கியது. 2011 ஜூன் 30-க்குப் பின் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் செல்லாவாயின. ஆயினும் ஐம்பது பைசாவை ‘எட்டணா’ என்று சொல்வதை நாம் இன்னும் விடவில்லை.

வடநாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி. எம் மகள் படிப்பது ஆங்கிலப் பள்ளியில், விளையாடுவது மராட்டியில். அவளுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்க நாம் முதன்முதலில் எடுத்த புத்தகம் பத்து ரூபாய் நோட்டு. நோட்டின் பின்புறம் இடப்பக்கத்தில் பதினைந்து மொழிகளில் மதிப்பு அச்சிடப்பட்டிருக்கிறது. மொழிகளின் ஆங்கிலப் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கியிருப்பதால், தமிழ் கீழிருந்து மூன்றாவது வரியில் நிற்கிறது. கீழே தெலுங்கும் உருதும். ‘பத்து ரூபாய்’ என்பதை அவள் முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டாள். பிறகு இருபது, ஐம்பது, நூறு என்று மேலே போனோம். குமாஸ்தா சம்பளத்தில் நடத்தக்கூடிய பாடம் மாத முதல் வாரத்தில் நன்றாக நடந்தது!

இன்னொன்றும் சொன்னோம். 2010 ஜூலை 15 அன்று சர்க்கார் ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை வரைந்த டி. உதயகுமார் தமிழர், அப்போது இதே மும்பையில் ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராயிருந்தவர். தேவநாகரி ‘ர’வையும் ரோமானிய ‘ஆர்’ எழுத்தையும் இணைத்து வரைந்த குறி அது. நம் முன்னோர் கணக்கேடுகளில் ௹ என்று தமிழ்க் குறியே வைத்திருந்தனர் என்பதையும் எழுதிக் காட்டினோம். மகளுக்கு அதுதான் அதிக அழகாகத் தோன்றிற்று. இப்போது அவளுடைய உண்டியற் கணக்கில் அந்தக் குறிதான் இருக்கிறது. காசுகளில் ஆண்டுக்குக் கீழே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லையேல் கல்கத்தா அக்கசாலை என்று பிரித்து வைப்பதும் அவளுக்குப் பொழுதுபோக்கு.

2016 நவம்பர் 8 இரவை அன்பர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நள்ளிரவு முதல் பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லா என்று அறிவிப்பு வந்தது. ஆயினும் ரயில் டிக்கெட்டுக்கு அவற்றைச் சில காலம் வாங்கலாம் என்று விலக்கு இருந்ததால், மறுநாள் எங்கள் ஜன்னல்களில் திருவிழாக் கூட்டம். போகும் உத்தேசமே இல்லாமல் தொலைதூரத்துக்கு உயர்ந்த வகுப்பு டிக்கெட் வாங்கிப் பின்னர் ரத்துசெய்து புதுப் பணம் பெறலாம் என்று எண்ணியவர்களும் வந்தார்கள். பெருந்தொகை டிக்கெட்டுகளுக்கு ரொக்கமாகத் திருப்பித் தரலாகாது என்று உத்தரவு வந்து அந்த வழி அடைபட்டது.

அக்கூட்டத்தில் ஓர் அம்மையார் வந்தார். வீட்டு வேலை செய்து பிழைப்பவர், நம் ஊர்ப்பக்கத்தவர். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்து, ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஜன்னலுக்குள் நீட்டினார். “தம்பி, டிக்கெட் வேண்டாம், நூறு நூறாய் மாத்திக் குடு” என்றார். டிக்கெட் வாங்காமல் மாற்றித்தர எமக்கு அதிகாரமில்லை. வங்கிக்குப் போகச் சொன்னோம். வங்கியில் அவருக்குக் கணக்கில்லை. “மவனுக்குத் தெரிஞ்சா குடிச்சே தீத்துருவான்” என்றார். நான்கு ஆண்டுச் சேமிப்பு அது. பின்னால் நின்றவர்கள் இரைச்சலிட்டார்கள். எம் வீட்டு விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அன்றிரவு வரும்படி கேட்டுக்கொண்டோம்.

வந்தார். மறுநாள் காலை எம் மனைவி அவரை அழைத்துக்கொண்டு வங்கி வாசலில் நின்றாள். அடையாள அட்டை காட்டினால் அப்போது நாலாயிரம் வரை மாற்றித் தந்தார்கள். ஆறு மணி நேரம் நின்று எட்டு நோட்டுகளை மாற்றினார்கள். எஞ்சிய ஒரு நோட்டுக்காக மற்றொரு நாள் வேலையை விட அவருக்கு மனமில்லை. முன்பதிவு ஜன்னலுக்கு வந்து, அந்த நோட்டுடன் நூறு ரூபாய்த் தாள்கள் சில சேர்த்து ஊருக்கு டிக்கெட் வாங்கினார். இரண்டு ஆண்டுகளாக அவர் ஊர் போகவில்லையாம். செல்லாத நோட்டுகளின் மொத்த மதிப்பு 15.41 லட்சம் கோடி என்றும், அதில் 15.31 லட்சம் கோடி திரும்பி வந்துவிட்டது என்றும் ரிசர்வ் வங்கி 2018-இல் தெரிவித்தது. அதாவது ஏறத்தாழ முழுவதும். நடவடிக்கை சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தனர். சட்டத்தைப் பற்றி நாம் பேசத் தகுதியுடையோம் அல்லோம். ஆனால் மனைவிமார்களும் தாய்மார்களும் அரிசிப் பானையில் வைத்திருந்தது கறுப்புப் பணமன்று என்பதை மட்டும் ஜன்னலுக்கு உள்ளிருந்து பார்த்தவர் என்ற முறையில் சொல்வோம்.

அதன் பின் வந்த நோட்டுகளின் வண்ணம் கண்ணுக்கு அழகாயிருக்கிறது, கைக்கு அப்படியில்லை. வண்டியில் சீப்பும் பூட்டும் விற்கும் கண்ணிழந்த வியாபாரி ஒருவர் அன்றாடம் எம்மிடம் வருவார். பழைய நோட்டுகளை அவர் விரலிடையில் மடித்து அளந்தே சொல்லிவிடுவார். புதிய நூறு 142 மில்லிமீட்டர் நீளம், இருநூறு 146, ஐந்நூறு 150. நான்கு மில்லிமீட்டர் வேற்றுமையை நெரிசலில் விரல் எப்படி அறியும்? நூறில் முக்கோணமும் ஐந்நூறில் வட்டமும் மேடாக அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் நோட்டு நான்கு கைகள் மாறி வியர்வையில் நனைந்தால் மேடு தட்டையாகிவிடுகிறது. நோட்டின் மதிப்பைக் குரலாற் சொல்லும் கைப்பேசிச் செயலி ஒன்றை ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்டது. வண்டி நிற்கும் அரை நிமிஷத்தில் அதை எடுத்துப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்? எம் ஜன்னலில் வந்து, “சாஹேப், இது நூறா, இருநூறா?” என்று கேட்டுப் பிரித்து வைத்துக்கொள்கிறார்.

2016-இல் தொடங்கிய யூ.பி.ஐ. வந்ததிலிருந்து எம் கூட்டம் பாதியாய்க் குறைந்துவிட்டது. ஜன்னற் கண்ணாடியிலும் கியூ.ஆர். கட்டம் ஒட்டியாயிற்று. ஐந்து ரூபாய்க்கும் கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். எமக்கும் சில்லறைத் தொல்லை குறைந்தது. ஆனால் விடியற்காலை முதல் வண்டிக்குக் கூடையுடன் வரும் மீன்காரிகளும், கட்டட வேலைக்குச் செல்பவர்களும், முதியவர்களும் இன்னும் காசுடனேயே வருகிறார்கள். ஆகவே சில்லறையை நாம் தேடிச் சேர்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

இங்கு இப்படியிருக்க, விடுமுறைக்குத் தமிழகம் சென்றால் பல ஊர்களில் பத்து ரூபாய்க் காசைக் கடைக்காரர் வாங்க மறுக்கும் விந்தையைக் காண்கிறோம். ‘ரூபாய்க் குறி இல்லாதது போலி’, ‘கோடுகள் பத்துக்கு மேலிருந்தால் போலி’ என்று எவரோ கட்டிவிட்ட கதை. அதுவரை வெளிவந்த பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. அவ்வாறு ஊரில் மறுக்கப்பட்ட காசுகளை மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும் அன்பர்கள் அவற்றைப் பரணில் போட்டுவிட வேண்டாம். எமக்கு அவை தேவை. பொங்கல் விழா முடிந்து நம் சங்க உண்டியலைத் திறக்கும்போதும், செயலாளர் அவர்கள் முன்னதாகச் சொல்லியனுப்பினால், நாம் காலை முறையில் இருக்கும் நாளாகப் பார்த்து நோட்டாக மாற்றித் தருகிறோம். காசுகளை நூறு நூறாக எண்ணிப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்தால் எமக்கு வேலை சுலபம்.