பூமி நின்றுவிட்டது... தலை மட்டும் ஏன் ஆடுகிறது?

2001 செப்டம்பர் 25. இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே, கடலுக்கு அடியில் நிலநடுக்கம். அளவு சுமார் 5.5. ஆடியது என்னவோ சில விநாடிகள்தான். ஆனால், அதே ஆண்டு ஜனவரி 26-ல் குஜராத்தின் பூஜ் இடிந்து கிடந்ததை எல்லோரும் டி.வி-யில் பார்த்திருந்தார்கள். அந்தப் பயத்தில் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

திருபுவனையிலிருந்து மில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, மறுநாளிலிருந்து வேறு தொல்லை. அடுப்படியில் நின்றால் தரை நழுவும். படுத்தால் பாய் ஆடும். ஏழு வயது மகளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். வெளியே ஒரு இலைகூட அசையாது.

"உனக்கு மனப்பிராந்தி" என்றார் மாமியார். வேப்பிலை அடிக்க அழைத்துப் போனார். மில்லில் தெரிந்தால் மெஷின் பக்கம் விடமாட்டார்கள் என்று அவர் வாயே திறக்கவில்லை. மூன்று வாரத்தில் தலைசுற்றல் நின்றது. 'புத்தி பிசகிவிட்டதோ' என்ற சந்தேகம் மட்டும் நிற்கவில்லை.

2012 ஏப்ரல் 11 மதியம், சுமத்ரா பக்கம் கடலில் 8.6 அளவில் நிலநடுக்கம். தமிழகக் கரையிலும் அதிர்வு தெரிந்தது. அவருக்குப் பழைய ஆட்டம் திரும்பியது. இந்த முறை, நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் ஒரு டம்ளர் தண்ணீரை எதிரே வைத்தார். "இதைப் பாரும்மா, ஆடுதா? புத்தி பிசகல... காதுக்குள்ள இருக்கிற பேலன்ஸ்தான் குழம்பியிருக்கு."

மகள் சொன்னது சரிதான். நாம் விழாமல் நிற்க உள்காது, கண், பாதமும் தசைகளும் என மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. நிலம் ஆடும்போது அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆட்டம் நின்ற பிறகும், 'அடுத்தது எப்போது' என்று உடம்பு காத்துக்கொண்டே இருக்கிறது. பயமும் தூக்கமின்மையும் சேர்ந்தால் சின்ன அசைவும் பெரிதாகத் தெரியும். கப்பலில் இருந்து இறங்கியவருக்குக் கரையும் ஆடுவது போலத்தான்.

ஜப்பானில் இதற்குப் பெயரே உண்டு: 'ஜிஷின்-யோய்', அதாவது நிலநடுக்க மயக்கம். 2011 மார்ச் 11-ல் அங்கே 9.0 அளவில் பூமி அதிர்ந்தபோதும், 2016 ஏப்ரலில் குமாமோட்டோ அதிர்ந்தபோதும் பலருக்கு இப்படித் தலைசுற்றல் வந்ததை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

* டம்ளர் தண்ணீரையோ தொங்கும் விளக்கையோ பாருங்கள். அது ஆடவில்லை என்றால் பூமியும் ஆடவில்லை.
* உட்கார்ந்து, தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பார்த்தபடி மெதுவாக மூச்சு விடுங்கள்.
* நன்றாகத் தூங்குங்கள். நிலநடுக்க வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள்.
* தலைசுற்றல் நாள்கணக்கில் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். தலையைத் திருப்பும்போது மட்டும் சுற்றினால், உள்காதில் உள்ள நுண்ணிய துகள்கள் இடம் மாறியிருக்கலாம். எளிய பயிற்சியிலேயே சரிசெய்வார்கள்.
* வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், திடீரெனக் காது கேட்காமல் போதல் இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வீட்டில் யாராவது 'ஆடுற மாதிரி இருக்கு' என்றால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பாதி மயக்கம் அதிலேயே தெளியும்.