சோளனுக்குச் சொல்லும் ஆலோசனை

வன்னியின் ஜெயபுரத்து மேட்டுக்காணியில் சோளன் போடுகிறவருக்கு அரசின் விவசாய ஆலோசனையால் என்ன பயன் என்று கேட்டால், விரிவாக்க வேலையில் இருக்கும் நாங்கள் வகுப்புகளின் எண்ணிக்கையையும் வரவுப் பதிவேட்டின் கையொப்பங்களையும் எடுத்துக் காட்டுவோம். அதை வைத்து எதையும் அளக்க முடியாது. சோளனைப் பொறுத்தவரை, ஆலோசனை எந்த வாரத்தில் காணிக்கு வருகிறது என்பதுதான் அதன் பெறுமதியைத் தீர்மானிக்கிறது. நெல்லின் கதை வேறு. பூநகரியில் மொட்டைக்கறுப்பன் விதைக்கிறவருக்கு எவரும் வந்து நெல் படிப்பிக்கத் தேவையில்லை. சேனையில் கலப்பாகத் தூவிய பழைய சோளனுக்கும் ஆலோசனை தேவைப்படவில்லை. இன்று கோழித்தீனுக்காகப் போடப்படும் கலப்பினச் சோளனோ ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து விதை வாங்கவேண்டிய பயிர். கணக்குப் பிழைத்தால் மன்னிக்காது. அதோடு, 2008–09 போர்க்கால இடப்பெயர்வும் அதற்குப் பின்னான மீள்குடியேற்றமும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகவேண்டிய கமத்தறிவை இடையில் அறுத்துவிட்டன. ஆகவே வன்னியில் ஆலோசனைக்கு இடமுண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாரி மழையை நம்பிய காலபோகச் சோளனின் நாட்காட்டியைப் பாருங்கள். இரண்டடி வரிசையில் ஓரடிக்கு ஒன்றாக நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 22,000 செடி நிற்கும். கைபோன போக்கில் ஊன்றினால் அந்தக் குறையைப் பசளையால் ஈடுசெய்ய முடியாது. முதல் மாதம் களை ஏறக்கூடாது. நான்காவது வாரமளவில் மண்ணில் ஈரமிருக்கும்போது மேற்கட்டு யூரியா விழவேண்டும். மணல் கலந்த காணியில் பெருமழைக்கு முதல்நாள் போட்டால் அது மழையோடு கீழே போய்விடும். பூவெடுக்கும் காலத்தில் ஈரம் தப்பினால் கதிரில் மணி பிடிக்காது. இவற்றையெல்லாம் விடக் கடுமையான ஆசிரியர் 2018–19 காலபோகத்தில் நாட்டுக்குள் பரவிய சேனா படைப்புழு. முட்டை சில நாட்களில் பொரிக்கும். சின்னப் புழு இலையைச் சுரண்டி, கண்ணாடித்தாள் போன்ற வெள்ளைத் திட்டுகளை விடும்; அப்போது மருந்து வேலை செய்யும். வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி எச்சத்தால் வாயை அடைத்துக்கொண்டபின் அடிக்கிற மருந்து பெரும்பாலும் வீண்காசு. அந்த ஒரு கிழமை பிந்தி வரும் விவசாயப் போதனாசிரியருக்கு நட்டஈட்டுப் படிவம் நிரப்புவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

அரச விரிவாக்கம் விளைச்சலைக் கூட்டியதற்கு ஆதாரமே இல்லை என்று பொருளியலாளர் சிலர் சொல்வதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சோளனே உணவான கென்யாவில் உலக வங்கியின் உதவியோடு ‘பயிற்சியும் வருகையும்’ என்ற விரிவாக்க முறை நடந்தது. 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்களான பிண்ட்லிஷும் எவன்சனும் அதில் பெரும் இலாபம் கண்டார்கள். அந்தத் தசாப்தம் முடிவதற்குள் கௌதமும் அண்டர்சனும் அதே தரவுகளைத் திருத்தி ஆராய்ந்தபோது அந்த இலாபம் நிற்கவில்லை. நல்ல மண்ணும் வசதியுமுள்ள மாவட்டத்துக்கு உத்தியோகத்தர் அதிகம் போனால், அங்குள்ள விளைச்சல் அவருடைய கணக்கில் ஏறிவிடும். எங்களூரில் ‘முன்மாதிரிக் கமக்காரர்’ காணியில் மட்டும் கள விழா வைக்கிறோமே, அதுவும் இந்த வகைதான். கென்யாவின் புசியா பகுதியில் டுஃப்லோ, கிரெமர், ரொபின்சன் மூவரும் சோளன் காணிகளிலேயே செய்த சோதனை இன்னும் உறைப்பானது. செடி ஓரளவு வளர்ந்தபின் ஒவ்வொன்றுக்கும் அரைத் தேக்கரண்டி பசளை இட்டவருக்கு நல்ல இலாபம். விவசாய அமைச்சு சிபாரிசு செய்த முழுத் தொகுப்பையும் பின்பற்றியவருக்குச் சராசரியில் நட்டம். இதை ஆலோசனையே வீண் என்று நான் வாசிக்கவில்லை. முழுத் தொகுப்பையும் துண்டுப்பிரசுரமாகக் கொடுப்பது வீண். கையில் இருக்கும் காசுக்கு எந்த ஒன்றை எப்போது செய்வது என்று சொல்வதே பயன்.

அதைச் சொல்ல ஊரில் ஆள் வேண்டும். இலங்கையில் கிராம மட்ட விரிவாக்க ஊழியர் 2,000க்கு மேற்பட்டோர் 1980களின் இறுதியில் கிராம உத்தியோகத்தர்களாக மாற்றப்பட்டார்கள். அந்த வெற்றிடம் முழுதாக நிரம்பவேயில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பின் விரிவாக்கம் மாகாணத்துக்கு வந்தது. ஆனால் கமநல சேவை நிலையமும் அங்கே பதியப்படும் பசளை மானியமும் மத்திய அரசின் திணைக்களத்தின் கையில். போதனாசிரியர் ஒரு வாசலில் ஆலோசனை சொல்ல, பசளை மானியம் வேறொரு வாசலில், வேறொரு திகதியில் வருகிறது. 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்காததால், இதைக் கேட்கவேண்டிய மக்கள் பிரதிநிதிகளும் இல்லாமற் போனார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைக் கொழும்பு ஒரே வர்த்தமானியில் தடைசெய்தபோது, நேற்றுவரை யூரியாவின் அளவு சொன்ன வாயாலேயே கூட்டெரு போதும் என்று சொல்லவேண்டிய நிலை விரிவாக்கத் துறைக்கு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் தடை தளர்ந்தது. போன நம்பிக்கை அவ்வளவு கெதியாய்த் திரும்பவில்லை.

விதைக் கம்பனியின் முகவரும் 1920 என்ற இலக்கத்தில் இயங்கும் தொலைபேசி ஆலோசனைச் சேவையும் இருக்க உத்தியோகத்தர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. முகவர் நேரத்துக்கு வருவார், அதை மறுக்கவில்லை; ஆனால் ‘இந்த முறை மழை பிந்திவிட்டது, சோளனை விட்டு உழுந்து போடுங்கோ’ என்று அவர் சொல்லமாட்டார். தொலைபேசி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும். குருத்தைப் பிரித்துப் பார்க்காத கமக்காரர் கேள்வியே கேட்கமாட்டார். ஆளணி போதாது என்பது உண்மைதான். ஆனால் இருக்கிற ஆளை ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் கட்டிவைப்பது நாங்களே செய்யும் தெரிவு. வகுப்புகளை அறுவடைக்குப் பின்னான மாதங்களுக்குத் தள்ளலாம். விதைத்த இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை போதனாசிரியரைக் காணிகளுக்கு விடுங்கள். கையொப்பத் தாளுக்குப் பதிலாக எந்தக் காணியை எந்தத் திகதியில் பார்த்தார் என்ற குறிப்பைக் கேளுங்கள். மாகாண விவசாயத் திணைக்களம் இதற்குப் புதிதாக ஒரு சதமும் தேடவேண்டியதில்லை.