மக்காச்சோளத்தில் ஓர் இயற்பியல் பாடம்

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் உள்ள மான்செஸ்டரில், மெர்ரிமாக் ஆற்றங்கரை நெடுகச் சிவப்புச் செங்கல் கட்டடங்கள். ஆற்று நீரின் விசையில் தறி ஓட்டிய அமாஸ்கெக் துணி ஆலைகள் இவை. 1935ல் தறிகள் நின்றன.

1989ல் மாணவர்களுக்காக 'ஃபர்ஸ்ட்' அமைப்பைத் தொடங்கினார் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன். விளையாட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் விஞ்ஞானத்துக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1992ல் இந்த ஊர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் போட்டி. வந்தவை 28 அணிகள். தரையெங்கும் மக்காச்சோள மணிகள். அதன் மேல் ஓடி டென்னிஸ் பந்துகளைச் சேர்க்க வேண்டும், மாணவர்கள் செய்த ரோபோக்கள்.

மேஜை மீது மரக்கட்டையை இழுத்து உராய்வைப் படிப்பது வகுப்பறை வழக்கம். இங்கே மணிகள் உருள, சக்கரம் வழுக்கும். மோட்டாரை முடுக்கினால் நின்ற இடத்திலேயே சுழலும். பிடிமானம் இல்லாவிட்டால் வலு வீண். எடையை எங்கே வைப்பது, எந்தப் பல்சக்கரத்தை மாட்டுவது? சூத்திரம் தேர்வுக்கு மட்டுமல்ல, ஜெயிப்பதற்கும் தேவைப்படுகிறது.

செலவுதான் சிக்கல், புரவலர் இல்லாத பள்ளிக்கு ரோபோ எட்டாக்கனி. ஆனால் ஒரு பொம்மைக் காரும் ஒரு படி மக்காச்சோளமும் எங்கும் கிடைக்கும். உராய்வு விதி பள்ளிக்குப் பள்ளி மாறுவதில்லை.