இரண்டு டன் இலை, ஒரு கிராம் மருந்து

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் காம்பவுண்டு சுவர் ஓரமாக ஒரு நித்தியகல்யாணிச் செடியாவது கண்ணில் படும். வெள்ளை அல்லது ரோஸ் கலரில் ஐந்து இதழ் பூ. தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாவிட்டாலும் பூக்கும். சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்றே பெயர், பாவம்! ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் இந்தச் செடியில் இருந்துதான் வருகிறது.

கண்டுபிடித்த கதையே வேடிக்கை. 1952-ல் ஜமைக்காவில் இருந்து கனடாவுக்கு ஒரு கவரில் 25 இலைகள் போயின. சர்க்கரை நோய்க்கு அங்கே இதை டீ போட்டுக் குடிப்பார்களாம். (நம்மூரிலும் குடிக்கிறார்கள். விஷமுள்ள செடி, சொந்த வைத்தியம் வேண்டாம்.) ராபர்ட் நோபிள் என்பவர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. சாற்றை ஊசியாகப் போட்டதும் எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. பார்த்தால், வெள்ளை அணுக்கள் ஏகத்துக்குக் குறைந்திருந்தன. வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அவரும் சார்லஸ் பீரும் 1958-ல் வின்பிளாஸ்டினைப் பிரித்த விவரத்தை வெளியிட்டார்கள். எலி லில்லி கம்பெனியின் (பெயரே அதுதான்!) வின்கிரிஸ்டினுக்கு 1963-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

இப்போது கணக்கு. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டின் என்றால் 2,000 கிலோவுக்கும் மேல். தமிழ்நாட்டில் இதைப் பயிராகவும் போடுகிறார்கள். ஆறாம் மாதம் ஒரு தடவை, ஒன்பதாம் மாதம் ஒரு தடவை இலை பறிப்பார்கள். வருஷக் கடைசியில் வேரோடு பிடுங்குவார்கள். வேரில் இருக்கும் அஜ்மாலிசின் தனிச் சரக்கு. மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்கு 2 டன் காய்ந்த இலை தேறும். ஆக இரண்டரை ஏக்கரின் ஒரு வருஷ உழைப்பு, ஒரு கிராம்!

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? இரண்டு பொருள்கள் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின் உருவாகும். அதில் கேதரந்தின் இலையின் மேல் இருக்கும் மெழுகில் இருக்கிறது, விண்டோலின் உள்ளே செல்களில் இருக்கிறது. இரண்டும் சந்திப்பதே அபூர்வம். இது 2010-ல்தான் தெரிந்தது. இது போக, இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழித்துச் சுத்தம் செய்வதில்தான் பணம் போகிறது. அதனால், ஓரளவு தாராளமாகக் கிடைக்கும் அந்த இரண்டையும் தனித்தனியாக எடுத்து, ஆய்வுக்கூடத்தில் இணைத்து வின்பிளாஸ்டின் செய்து, அதை வின்கிரிஸ்டினாக மாற்றுகிற வழியும் உண்டு. 2022-ல் ஈஸ்ட்டுக்குள்ளேயே அந்த இரண்டையும் உண்டாக்கிக் காட்டினார்கள். கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்தான்.

இவ்வளவு பாடுபட்டும் ஒரு வேளைக்குப் போடுவது அதிகபட்சம் 2 மில்லிகிராம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் விலையும் குறைவு, லாபமும் குறைவு. காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். 2019-ல் டேவா நிறுவனம் வியாபார முடிவு என்று சொல்லி இதைத் தயாரிப்பதை நிறுத்தியது. அமெரிக்காவுக்கு மிஞ்சியது ஃபைசர் மட்டும். அங்கேயும் சப்ளை தாமதம். அந்த அக்டோபரில், இருக்கிற மருந்தை எந்தக் குழந்தைக்கு முதலில் கொடுப்பது என்று டாக்டர்கள் யோசிக்க வேண்டி வந்தது. செய்தி பெரிதானதும், நவம்பரில் மறுபடியும் தயாரிப்போம் என்று டேவா அறிவித்தது.