ரகசியமாக வாங்கும் மனை

கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கும் நம் ஆட்களுக்கு ஒரு கனவு உண்டு. காலனிக்கு வெளியே, மெயின் ரோட்டுப் பக்கம், சொந்தமாக ஒரு வீடு. திருமானூர் ஒன்றியத்தின் கொள்ளிடக்கரைக் கிராமங்களில் வேலை செய்யும் நாங்கள் இதை வீட்டுக்கு வீடு கேட்கிறோம். இது வெறும் வசதிக்கான ஆசை இல்லை. நம்மை ஒரு தெருவுக்குள் அடைத்து வைத்த ஏற்பாட்டை விட்டு வெளியே வரும் ஆசை.

இந்த ஆசையின் வழியாகத்தான் ஏமாற்றுக்காரனும் நுழைகிறான். "உங்க ஆளுக்கு விக்கிறது தெரிஞ்சா ஊர்ல பிரச்சினை ஆகும். யார்கிட்டயும் சொல்லாதீங்க, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்கிறார் புரோக்கர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்புகிறோம். ஆனால் ரகசியம் என்று வந்துவிட்டால் பக்கத்து நிலத்துக்காரரை விசாரிக்க முடியாது, சர்வேயரை வைத்து அளக்க முடியாது, கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க முடியாது. சாதி உண்டாக்கும் பயம் நம் கண்ணைக் கட்டுகிறது. மோசடி அதற்குப் பிறகு நடக்கிறது. ஆகவே முதல் விதி இதுதான்: விசாரிக்கக் கூடாது என்று சொல்லப்படும் மனையை வாங்காதீர்கள்.

அடுத்து, எந்த நிலம் என்று பாருங்கள். வெளிநாட்டில் வேலையில் இருக்கும் இந்தியர் இங்கே வீடும் வீட்டுமனையும் வாங்கலாம். விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. "இப்போதைக்கு நஞ்சைதான், அப்புறம் மனையா மாத்திக்கலாம்" என்ற பேச்சில் துபாய்க் காசைக் கொட்டாதீர்கள். பணத்தையும் உறவினர் கையில் ரொக்கமாகத் தராமல், வங்கிக் கணக்கு வழியாகவே அனுப்புங்கள். நாளை வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

மனைப்பிரிவு என்றால் அங்கீகார எண்ணைக் கேளுங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளுக்குத்தான். கல் நட்டு, கொடி கட்டி, செம்மண் ரோடு போட்டிருப்பதெல்லாம் அங்கீகாரம் ஆகிவிடாது.

பவர் பத்திரத்தை வைத்து வீடு கைமாறுவதும் வழக்கமாக இருக்கிறது. பவரும் அகிரிமெண்டும் மட்டும் இருந்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரையப் பத்திரம் வேண்டும். நேரில் வர முடியாதவர்கள், இந்த ஒரு சர்வே எண்ணை வாங்குவதற்கு மட்டும் என்று எழுதி, நம்பிக்கையான ஒருவருக்குத் தனிப் பவர் கொடுங்கள். அதை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பி, இங்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும்.

இனி நமக்கே உரிய ஒரு கேள்வி. அந்த நிலம் பஞ்சமி நிலமா? செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கைக்குப் பின், 1892 அரசாணையின்படி நம் மக்களுக்கு ஒதுக்கிய நிலம் அது. அதை மற்றவருக்கு விற்றால் செல்லாது. ஆனாலும் ஏராளமான நிலம் கைமாறிப் போனது. அதை மீட்கக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார்கள். நம்மிடமிருந்து பறித்த நிலத்தையே மனையாகப் போட்டு, நம் பிள்ளையின் சம்பாத்தியத்துக்கு நம்மிடமே விற்க விடலாமா? பட்டாவைப் பார்த்தவுடன் திருப்தி அடையாமல், அ பதிவேட்டையும் பழைய நிலவரித்திட்டப் பதிவேட்டையும் கேளுங்கள். டி.சி. நிலம், நிபந்தனை ஒப்படை என்று குறிப்பு இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். வில்லங்கச் சான்றை 30 வருடத்துக்காவது போடுங்கள். மூலப்பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் படியுங்கள், ஜெராக்ஸ் போதாது.

எல்லாம் சரியாக வாங்கிய பிறகும் வேலி போடவிடாமல், வீடு கட்டவிடாமல் யாராவது தடுத்தால் அதை ஊர்த் தகராறு என்று பேசி முடிக்காதீர்கள். தலித்துக்குத் தன் நிலத்தின் மீதுள்ள உரிமையை அனுபவிக்கவிடாமல் தலித் அல்லாதவர் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் குற்றம். கிரையம் முடிந்த கையோடு பட்டா மாறுதலுக்கு எழுதிக்கொடுத்து, எல்லையை அளந்து கல் நட்டுவிட்டால் புகாருக்கும் பலம் இருக்கும்.

படித்த பிள்ளைகள் இதில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் தெருவில் யாராவது அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்தால், அதற்கு முன்பே சர்வே எண்ணை வாங்கி, பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்தில் எடுத்து, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பத்து வருட வெயில் அந்தப் பணத்தில் இருக்கிறது. அதற்கு உங்களின் அரை நாள் போதும்.