சோலைப் பட்டை

கோத்தகிரியில் நான் விற்ற ஸ்கார்ஃப் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன அட்டையைக் கட்டித் தொங்கவிட்டேன். மேலே 'சோலைப் பட்டை' என்று இருந்தது. அதற்குக் கீழே, நீலகிரிச் சோலைக்காட்டு மரங்களைப் பார்த்துப் பின்னியது என்று ஒரு வரி. கடைசியில் வடிவமைப்பு என்று போட்டு என் பெயர். அந்த அட்டையில் சோலையும் பொய், பெயரும் பொய். இரண்டையும் வைத்து நான் பணம் வாங்கியிருக்கிறேன், பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

முதலில் ஸ்கார்ஃபைச் சொல்லிவிடுகிறேன். அது அழகானது. நான் செய்த தவறு அதன்மேல் படியக் கூடாது. இருபது சென்டிமீட்டர் அகலம், கழுத்தை ஒருமுறை சுற்றி இரண்டு பக்கமும் தொங்கும் நீளம். சாம்பல் நிற மெரினோ கம்பளி நூல், 5 மில்லிமீட்டர் ஊசி. குரோஷேயில் சாதாரணமாகக் கீழ் வரிசைக் கண்ணியின் தலையில் ஊசியை நுழைத்து நூலை இழுப்போம். இதில் அப்படியில்லை. கண்ணியின் தண்டையே முன்பக்கமாகச் சுற்றி ஊசியை விட்டு எடுக்க வேண்டும். தண்டு முன்னால் தள்ளிக்கொண்டு வரும். திரும்பும் வரிசையில் பின்பக்கமாகச் சுற்றினால் மேடு அதே பக்கத்தில் நிற்கும். வரிசை ஏற ஏற, மேடும் பள்ளமும் நெடுக ஓடும். அங்கங்கே பக்கத்துப் பக்கத்து மேடுகளை இடம் மாற்றிக் கடத்திவிட்டால் வெடித்த மரப்பட்டை கைக்குக் கீழே உருவாகிக்கொண்டே வரும். நூலை நிறையத் தின்னும் வேலை. ஆனால் கனமும் கதகதப்பும் அதனால்தான்.

இவ்வளவும் நான் செய்தது. செய்தது என்றால், குரோஷே தெரிந்த யாரும் செய்யக்கூடியது. தண்டைச் சுற்றி எடுக்கும் கண்ணி தையல் புத்தகங்களில் உள்ளதுதான். இந்த ஸ்கார்ஃபைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பது மேடுகளை அல்ல, அவற்றின்மேல் அங்கங்கே பூத்திருக்கும் வெளிர்பச்சைப் பாசியை. செட்டிநாட்டு மசாலாவில் கல்பாசி போடுகிறோமே, அந்த இனம். நடுப்பகுதி பட்டையோடு படிந்து, ஓரம் மட்டும் அலையலையாக எழும்பி நிற்கும். அதைப் பின்னும் முறையைக் கண்டுபிடித்தது நானில்லை, அக்கா.

அக்கா என்று நான் கூப்பிடுபவர் என் வீட்டுக்குக் கீழ்ச் சரிவில் இருக்கிறார். 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்த குடும்பம். சிறுமியாக வந்தவர், இங்கேயும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தே வயதானவர். நான் ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் பேச வருவார். கை சும்மா இருக்க முடியாதவர் என்பதால் ஊசியைக் கொடுத்துச் சங்கிலிக் கண்ணியிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். பின்னாளில் நான் பிடித்துத் தொங்கிய சாக்கு இதுதான். சொல்லிக்கொடுத்தது நான்தானே, அவர் கையிலிருந்து வருவதும் என்னுடையதுதானே என்று.

பாசியை எப்படிக் கொண்டுவருவது என்று தெரியாமல் நான் தட்டை வட்டங்களாகப் போட்டுப் பட்டைமேல் தைத்துப் பார்த்தேன். கிழிசலுக்கு ஒட்டுப் போட்டது போல இருந்தது. பிரித்தேன். பாப்கார்ன் கண்ணி போட்டேன். குண்டு குண்டாக நின்றதே தவிரப் பாசி வரவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார். அடுத்த முறை வந்தபோது முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பட்டைச் சில்லை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதப் பாருங்க டீச்சர். நடுவுல வளர்றதில்ல. ஓரந்தான் வளருது. ஓரத்துக்கு எடம் பத்தாம எழும்பிக்குது. நீங்க எல்லாச் சுத்துலயும் ஒரே கணக்காக் கூட்டுறீங்க. நான் மூணுக்கு ஒண்ணு கூட்டிப் போட்டேன், தானாச் சுருண்டுக்கிச்சு."

மடியிலிருந்து அவர் போட்ட துண்டை எடுத்துக் காட்டினார். எழும்பி, மடிந்து, பட்டைச் சில்லில் இருந்த பாசியேதான்.

கணக்கைச் சொன்னால் புரியும். அமெரிக்கக் கணக்கில் டபுள் குரோஷே எனப்படும் கண்ணியில் ஒரு வட்டம் தட்டையாக வர வேண்டுமானால் சுற்றுக்கு 12 கண்ணி கூட்டினால் போதும். 36க்குப் பிறகு 48, 60, 72, 84, 96. அக்கா முறையில் மூன்று கண்ணிக்கு ஒன்று கூடும். 36, 48 வரை இரண்டும் ஒன்றே. பிறகு 64, 85, 113, 150. அதே அகலத்துக்குள் அத்தனை கண்ணியும் படுக்க இடமில்லை. விளிம்பு அலையாகத்தான் எழும்ப வேண்டும். இந்த வகைப் பாசி வளர்வதும் ஓரத்தில்தான், வருடத்துக்குச் சில மில்லிமீட்டர். ஒரு உயிர் வளரும் விதத்தையே கண்ணிக் கணக்காக மாற்றிவிட்டார் அக்கா. வெளித்தோற்றத்தைப் பார்த்து நகல் எடுக்கத்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அது எப்படி வளர்கிறது என்று அவர் பார்த்திருந்தார். இயற்கையைப் பார்த்துப் பின்னியது என்று எந்தக் கைவேலையைப் பற்றியும் தயங்காமல் சொல்லலாமென்றால் அது இதைப் பற்றித்தான். சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

அவர் பார்த்த மரம் சோலை மரமும் அல்ல. தேயிலைக்கு நிழலுக்காக வரிசையாக நட்ட சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். அதன் கரும்சாம்பல் பட்டையில் நெடுக வெடிப்புகள் இருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாய்ந்து நிற்கும் மரம் அது. பல வருடங்கள் முகத்துக்கு நேரே அந்தப் பாசியைப் பார்த்தவர் அவர்.

ஊட்டியில் சீசன் சமயத்தில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் முதன்முதலாக இதை விற்பனைக்கு வைத்தேன். ஒரு பெண்மணி பாசியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "இது எப்படி உங்களுக்குத் தோணுச்சு?" என்று கேட்டார். "சோலைக்குள்ள நடக்கும்போது பார்த்தேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது. ஆனால் வாய் ஏன் சில்வர் ஓக் என்று சொல்லவில்லை என்பதைப் பிறகு யோசித்திருக்கிறேன். சோலை என்றால் வாங்குபவர் முகம் மலரும். எஸ்டேட் மரம் என்றால் மலராது. பக்கத்து வீட்டு அக்கா கண்டுபிடித்தது என்றால் என்னிடம் கேட்பதற்கு அடுத்த கேள்வியே இருக்காது. கேள்வி கேட்கப்படும் அந்த இடத்தில் நிற்க எனக்கு ஆசையாக இருந்தது. வகுப்பறையை விட்ட பிறகு யாரும் என்னிடம் எதையும் கேட்காமலிருந்த காலம் அது. காரணத்தைச் சொல்கிறேன், நியாயம் என்று சொல்லவில்லை.

அந்தக் கண்காட்சி முடிந்ததும் அட்டை அச்சிட்டேன். வாய் தவறியது என்று அதற்குமேல் சொல்லிக்கொள்ள வழியில்லை.

பிறகு செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஒரு பெண்கள் கல்லூரியில் குரோஷேயும் கணிதமும் என்று பேசக் கூப்பிட்டார்கள். லாட்வியாவில் பிறந்த டைனா டைமினாவைப் பற்றிப் பேசினேன். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹைபர்பாலிக் வடிவியலைக் கற்பிக்கக் காகித மாதிரிகள்தான் அதுவரை இருந்தன. தொட்டால் கிழியும். 1997இல் அவர் ஹைபர்பாலிக் தளத்தைக் குரோஷேயில் போட்டார். குறிப்பிட்ட கண்ணிகளுக்கு ஒன்று என்று விடாமல் கூட்டிக்கொண்டே போனால் அந்த வளைந்த தளம் கையில் பிடித்து மடக்கிப் பார்க்கும் பொருளாகிவிடுகிறது. பின்னல் ஊசியில் அத்தனை கண்ணிகளையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டும். குரோஷேயில் எந்த நேரமும் ஊசியில் இருப்பது ஒரே கண்ணி. அதனால்தான் இது சாத்தியமானது. இந்த முறையைக் கொண்டு 2005இல் மார்கரெட், கிறிஸ்டின் வெர்த்தைம் சகோதரிகள் லாஸ் ஏஞ்சல்ஸில் பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள், பல நாட்டுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், பின்னியவர்களின் பெயர்களையெல்லாம் அவர்கள் பட்டியலிட்டார்கள் என்றும் சொன்னேன். அப்படிச் சொல்லும்போது என் குரலில் உணர்ச்சி இருந்தது. அதுவும் உண்மையான உணர்ச்சிதான்.

அக்காவின் துண்டு என் கையில் இருந்தது. மூணுக்கு ஒண்ணு என்பதும் டைமினா கண்டதும் ஒரே கணக்கு. கார்னெல் பேராசிரியையின் பெயரை முழுதாக, உச்சரிப்புத் தவறாமல் சொன்னேன். இந்தத் துண்டைப் போட்டவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பைகளைத் தூக்க உதவிக்கு வரச் சொல்லி நான்தான் அழைத்துப் போயிருந்தேன். அவர் பெயரைச் சொல்லவில்லை. சோலையில் நடந்த கதையை மறுபடி சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா கேட்டார்: "சோலைக்குள்ள சில்வர் ஓக் இருக்கா டீச்சர்?"

குத்திக் கேட்கவில்லை. தனக்குத் தெரியாதது டீச்சருக்குத் தெரிந்திருக்கும் என்ற தொனியில்தான் கேட்டார். "ஓரத்துல ஒண்ணு ரெண்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்னை நம்பினாரா, நம்பியதுபோல் இருந்து என்னைக் காப்பாற்றினாரா என்று தெரிந்துகொள்ள அந்தப் பயணம் முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை.

பணத்தையும் சொல்ல வேண்டும். ஆர்டர் கூடியபோது பாசிப் பகுதி எல்லாவற்றையும் அக்காவிடமே கொடுத்தேன். பிறகு முழு ஸ்கார்ஃபையும். விலை 2,400 ரூபாய். நூலுக்கு 700 போகும். அக்காவுக்கு 400 கொடுத்தேன். மீதி 1,300 எனக்கு. விற்பனைக்குக் குரோஷே போடும் இயந்திரம் கிடையாது. குரோஷே போலத் தோன்றும் இயந்திரத் துணி வேறு வகை. ஆகவே உலகில் விற்கும் ஒவ்வொரு குரோஷேத் துண்டையும் ஏதோ ஒரு கை கண்ணி கண்ணியாகப் போட்டிருக்கிறது. இது எனக்குத் தெரியும். ஆந்திரத்தின் நரசாபூர் லேஸ் பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட புத்தகத்தை அடிக்கோடிட்டு வாசித்தவள் நான். வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் போடுவதுதானே என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் உழைப்புக்குக் கூலி மறுக்கப்பட்டதை வாசித்துக் கோபப்பட்டிருக்கிறேன். அக்கா பொழுதுபோக்காகத்தான் போடுகிறார், நானூறு கிடைத்தாலும் அவருக்கு மேல்வருமானம்தானே என்று அதே மனத்தால் நினைத்தும் இருக்கிறேன். இரண்டும் எனக்குள் மோதிக்கொள்ளவே இல்லை. படித்ததை எனக்குப் பொருத்திப் பார்க்க ஒருநாளும் எடுத்துவைக்கவில்லை என்பதுதான் என் குறைகளில் பெரியது என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டு ஒரு கைவேலைப் பத்திரிகை பேட்டர்னைக் கேட்டது. படிவத்தில், இது உங்கள் சொந்த வடிவமைப்பு என்று உறுதி கூறிக் கையெழுத்திடச் சொல்லியிருந்தார்கள். பாசிப் பகுதியை எழுத உட்கார்ந்தபோது, எத்தனாவது சுற்றில் கூட்டலை நிறுத்த வேண்டும், பட்டையோடு எந்த இடத்தில் பிடித்துத் தைத்தால் ஓரம் படுக்காமல் நிற்கும் என்பது எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. என் வடிவமைப்பை எனக்கே ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. படிவத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பிவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

அட்டையைப் படித்துக் காட்டினேன். கண்காட்சியில் சொன்னது, கல்லூரியில் சொன்னது, விலை, நூல் செலவு, எனக்கு மிஞ்சியது, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் சொன்ன பதில் பொய் என்றும் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். அக்கா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஊசியைக் கீழே வைத்தார்.

"அந்த நானூற எவ்வளவா ஆக்கப் போறீங்க?" என்றார்.

நூல் போக 1,700இல் பாதி என்றேன். போடுவது முழுக்கத் தானென்றால் பாதி எப்படிச் சரியாகும் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். 1,100 என்று முடிவானது. பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததும், அட்டையில் தன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்று மகளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இந்தக் கட்டுரையில் அவர் பெயர் இல்லாதது அதனால்தான். அட்டையிலிருந்து சோலையையும் என் பெயரையும் எடுத்துவிட்டேன். இப்போது அதில் 'சில்வர் ஓக்' என்று மட்டும் இருக்கிறது.

பழைய பாக்கிக்கு என் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆரம்பத்தில் விற்ற சிலவற்றை நான் எழுதி வைக்கவில்லை. எந்த நிற நூல், எந்த மாதம் என்று அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கூட்டினேன். தொகை பெரியது. ஒரே தடவையில் தர என்னிடம் இல்லை. மாதாமாதம் என்று தேதி குறித்திருக்கிறோம்.