நெருங்கும்போது கேளாத குரல்

தமிழ் படித்தவனுக்கு வானியலில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். என் அண்ணன் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தவர். தந்தையார் மறைந்தபின் வீட்டைப் பாகம் பிரிக்க அமர்ந்த அன்று நான் உதிர்த்த ஒரு சொல்லால், எட்டு ஆண்டுகளாக எங்களுக்குள் பேச்சில்லை. அவருடைய பழைய வானியல் நூல்கள் சில என் பங்குப் பெட்டியில் தவறுதலாக வந்திருந்தன. அண்மையில் அவற்றைப் புரட்டப்போய்த் தொற்றிக்கொண்ட ஆர்வம் இது.

அன்ன விண்மீன் குழுவில், 5,000 ஒளியாண்டுகளுக்கும் அப்பால், டபிள்யூ.ஆர். 140 என்றோர் இணை உண்டு. சூரியனைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு நிறையுள்ள விண்மீன் ஒன்று. 30 மடங்கு நிறையுள்ளது மற்றொன்று. 7.93 ஆண்டுகளுக்கு ஒருமுறை இரண்டும் மிக நெருங்கிவந்து விலகுகின்றன. இரண்டிலிருந்தும் நொடிக்குச் சுமார் 3,000 கி.மீ. வேகத்தில் காற்று வீசுகிறது, நடுவழியில் மோதுகிறது.

ஒளித் தொலைநோக்கி விண்மீன்களைக் காட்டும். நிறமாலை அவற்றின் ஓட்டத்தைச் சொல்லும். இடையில் நிகழும் மோதலைச் சொல்வது வானொலி அலை. அங்கே விரைவூட்டப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று அவ்வலையை எழுப்புகின்றன. 1999, 2000 ஆண்டுகளில் அமெரிக்காவின் வி.எல்.பி.ஏ. வானொலித் தொலைநோக்கிகள் மோதுமிடத்தை ஒரு வில்வளைவாகப் படம்பிடித்தன. விண்மீன்கள் நகர நகர, வில்லும் திரும்பியது.

என்னை நிறுத்தியது அடுத்த செய்தி. அவ்விரண்டும் மிக நெருங்கும் காலத்தில் வானொலிக் குரல் மங்கிவிடுகிறது; அடர்ந்த காற்றே அதை விழுங்கிவிடுகிறது. அப்போதுதான் கரித்தூசி உருவாகி வெளியேறுகிறது. 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த படத்தில் அத்தகைய தூசி வளையங்கள் 17-க்கும் மேல் தெரிந்தன. 130 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட நெருக்கங்களின் வரவேடு.

எதிலும் உவமை தேடுவது தமிழாசிரியனின் தொழில்நோய். விண்மீன்களுக்கு மனத்தாங்கல் ஏது? ஆயினும் அன்று இரவு உறக்கம் வரவில்லை.

சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் அழைத்தேன். வேறெதுவும் பேசத் துணிவில்லை. "அண்ணா, நெருங்கும்போது வானொலி அலை ஏன் மங்குகிறது?" என்று கேட்டேன். மறுமுனையில் நெடிய மௌனம்.

பிறகு, "எந்த அலைநீளத்திலடா பார்த்தார்கள்?" என்றார்.

அரைமணி நேரம் பேசினோம். வீட்டைப் பற்றி இருவருமே எடுக்கவில்லை.